ஆயுள் எழுதிய தாளும் ஆயுள் எழுதாத திரையும்

கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ, வெள்ளிமலையில் உள்ள கல்வராயன்மலை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தோ ஒரு கடிதம் வந்தால் அதன் தலையில் ஓர் எண் இருக்கும். எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து. ந.க. என்றிருந்தால் நடப்புக் கணக்கு, விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். அலுவலக வேலை தெரிந்தவர் கடிதத்தைப் படிக்கும் முன்பே இந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, கோப்பு எத்தனை வருடம் பதிவறையில் இருக்கும் என்று சொல்லிவிடுவார். அரசுத் தாளைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் தன் ஆயுளைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வருவது அது.

அதே அலுவலகத்தின் கணினித் திரையில் இருப்பவற்றுக்கு ஆயுள் எவ்வளவு? பட்டா மாறுதல் விண்ணப்பம், நூறு நாள் வேலைத் தளத்தில் எடுத்த புகைப்படம், காவல் நிலையக் கேமராப் பதிவு, அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன உத்தரவு ஆகியவற்றில் பெரும்பாலானவற்றின் நெற்றியில் எதுவும் எழுதப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. பிரிவு 2(i)இல் ஆவணம் என்பதற்குள் கோப்பும் கையெழுத்துப் பிரதியும் வருகின்றன. கணினியோ வேறு கருவியோ உண்டாக்கிய எதுவும் வருகிறது. பிரிவு 2(f)இல் மின்னஞ்சல் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. கேட்கும் உரிமை இரண்டின் மேலும் ஒன்றுதான். காக்கும் ஒழுங்கு மட்டும் ஒன்றுக்கு நூறாண்டுப் பழக்கமாக இருக்கிறது, மற்றதற்கு இன்னும் உருவாகவில்லை. இந்த இடைவெளியைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி நல்ல இடம். மாவட்டம் இளையது, அதன் தாள்கள் பழையவை.

அந்தத் தாள்களின் பயணத்தை முதலில் பார்த்துவிடலாம். கள்ளக்குறிச்சி வட்டம் நெடுங்காலம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அப்போது தலைமை இடம் கடலூர். 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி அதிலிருந்து பிரிந்து மாநிலத்தின் 34ஆவது மாவட்டமானது, கல்வராயன்மலைக்கும் தனி வட்டம் கிடைத்தது. ஆக, 1985இல் மலையடிவாரத்தில் நடந்த ஒரு நில விவகாரத்தின் கோப்பைத் தேடுகிறவர் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று ஊர்ப் பதிவறைகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்டம் பிரியும்போதெல்லாம் கோப்புகள் கட்டுக்கட்டாக லாரியில் ஏறுகின்றன. ஏறியதற்குப் பட்டியல் இருக்கும். பட்டியலில் இருப்பது கட்டில் இருக்கிறதா என்பது வேறு சங்கதி.

மலைமேல் நிலைமை இன்னொரு வகை. கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஜாகீர்களாக இருந்த பகுதி. 1906இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் தென்னாற்காடு கெசட்டியர் இந்த மலைப் பாளையக்காரர்களைப் பற்றிப் பேசுகிறது. நாடு விடுதலையாகி ஒரு தலைமுறை கழிந்து, 1976இல்தான் ஜாகீர்கள் முடிந்து நிலம் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளி உழவரின் தாத்தா பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும். மலையாளி பழங்குடிக் குடும்பத்தின் தாத்தா ஜாகீர்தாருக்கு வரி கட்டியவர், அரசுக் கணக்கில் அவர் பெயர் ஏறியிருக்க வழியில்லை. தாளின் பெருமையைப் பேசும்போது, மலையேறாத தாள் அது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தாள் எப்படிச் சாகிறது? முறைப்படி என்றால் ஓர் ஆணையால். பதிவறை எழுத்தர் கெடு முடிந்த கோப்புகளைப் பட்டியலிடுவார், அலுவலகத் தலைவர் ஒப்புதல் தருவார், அழித்த விவரம் பதிவேட்டில் ஏறும். முறைகேடாக என்றால் கரையான், மழை ஒழுகல், கட்டு மாறிப் போவது, வேண்டுமென்றே ‘காணாமல்’ போவது. எந்த வகையில் போனாலும் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 2013 செப்டம்பரில் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் அரசிடம் இருந்த தகவல், அழிப்பு விதிகளின்படி அழிக்கப்பட்டிருந்தால் தவிர, இன்றும் இருந்தாக வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரி போதாது, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்று கண்டறிய வேண்டும். தகவல் கேட்டு அலைகிறவர்கள் மேல்முறையீட்டில் மேற்கோள் காட்டத் தகுந்த தீர்ப்பு.

ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பே உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தைச் சொல்லிவிட்டது. 2011 ஆகஸ்ட் 9இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கு. விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு என்றே அது பலருக்கு நினைவில் இருக்கிறது. அதன் பின்பகுதியில் இன்னொன்று உண்டு. வாரியம் விடைத்தாளை மூன்று மாதம்தான் வைத்திருக்கும் என்று விதி இருந்தால், உரிமையும் அந்த மூன்று மாதம்தான். பிரிவு 8(3)இல் வரும் 20 ஆண்டு என்பது, பழைய தகவலுக்குப் பல விலக்குகள் பொருந்தாது என்று சொல்ல வந்த கணக்கு. எல்லா ஆவணத்தையும் 20 ஆண்டு காக்கச் சொன்ன கட்டளை என்று அதை வாசிக்க முடியாது. சட்டம் கொடுப்பது இருக்கும் தகவலைப் பெறும் உரிமை, எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அலுவலகத்தின் காப்பு விதியும் முடிவு செய்யும்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், பொருந்துகின்றன. ப.மு. கோப்பு என்றால் பத்தாண்டு கேட்கலாம், பத்தாண்டுக்குள் இல்லையென்றால் பொறுப்பாளி உண்டு. திரையின் மேல் வைத்துப் பாருங்கள், காப்பு விதியே எழுதப்படாத இடத்தில் எந்தக் கெடுவை வைத்து ‘முறைப்படி அழிந்தது’ என்றோ ‘முறைகேடாக அழிந்தது’ என்றோ சொல்வது? மத்திய அரசின் பொது ஆவணங்கள் சட்டம், 1993 கணினி உண்டாக்கியவற்றையும் ஆவணமாக ஏற்கிறது. விதியை மீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அந்தச் சட்டம் மத்திய அரசையும் ஒன்றியப் பகுதிகளையும் அவற்றின் நிறுவனங்களையும் மட்டுமே கட்டும். வெள்ளிமலை வட்டாட்சியர் அலுவலகம் அதன் எல்லைக்கு வெளியே. மாநில அலுவலகங்களைக் கட்ட மாநிலமே சட்டம் இயற்ற வேண்டும். மகாராஷ்டிரத்துக்குப் பொது ஆவணச் சட்டம், 2005 என்று தனக்கென ஒன்று உண்டு.

மின்கோப்பு என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, பழைய கோப்பையே திரைக்கு மாற்றியது. தேசிய தகவல் மையம் உருவாக்கிய மின் அலுவலக மென்பொருளில் நகரும் கோப்பு இந்த வகை. அதில் குறிப்பு உண்டு, யார் எத்தனை மணிக்கு என்ன எழுதினார் என்ற தடம் உண்டு, முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. இந்த அளவில் திரை தாளை வென்றுவிட்டது என்பதை மறுப்பது வீம்பு. நேற்று எழுதிய குறிப்பைக் கிழித்துவிட்டு வேறு தாள் வைக்கும் பழைய வித்தை அங்கே எடுபடாது.

இரண்டாவது வகை, எந்தக் காலத்திலும் கோப்பாக இருந்திராதது: தரவுத்தளம். கோப்பு ஒருநாள் முடியும், முடிந்த நாளிலிருந்து அதன் வருடங்களை எண்ணலாம். தரவுத்தளம் முடிவதே இல்லை. அது இன்றைய நிலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். நம் வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ அப்படி ஒன்று. கிராம நிர்வாக அலுவலரின் பழைய சிட்டாவில் ஒரு பெயர் மாறினால், பழைய பெயர் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதுப் பெயர், அதற்கான உத்தரவு எண், தேதி. அடித்தல் திருத்தலாகப் பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் அந்த அலங்கோலம்தான் வரலாறு, நீதிமன்றத்தில் வழக்கறிஞர் விரல் வைத்துக் காட்டும் இடம் அது. இணையத்தில் நாம் எடுக்கும் சிட்டா சுத்தமாக இருக்கிறது. இன்று யார் பெயர் என்பதைச் சொல்கிறது, நேற்று யார் பெயர் என்பதை அந்தப் பக்கம் சொல்வதில்லை. மாற்றத்தின் தடம் சர்வருக்குள் பதிவாகியிருக்கலாம். அந்தச் சர்வர் வட்டாட்சியர் மேசையில் இல்லை. தகவல் கேட்டால் வட்டத்தின் பொதுத் தகவல் அலுவலர் திரையில் தெரிவதை அச்செடுத்துத் தருவார். மற்றதற்கு, பிரிவு 6(3)இன்படி, 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்ப வேண்டும். எந்த அலுவலகம் உரியது என்பதில்தான் மனு சுற்ற ஆரம்பிக்கும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. ஜமாபந்தி என்ற ஒன்று இன்னும் நடக்கிறதே, பசலி ஆண்டு முடிவில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறார்களே, அப்போது அச்செடுத்துக் கையெழுத்திட்ட பிரதி இருக்குமே என்பார்கள். நியாயமான வாதம். 2024 ஜூன் 30இல் முடிந்தது பசலி 1433. அந்தப் பசலிக்கு ஒரு கையெழுத்திட்ட கணக்கு இருந்தால் அது திரையின் ஒரு நாள் நிலையை உறைய வைத்த தாள். அதாவது திரையின் பலவீனத்தை ஈடுசெய்வது அங்கும் தாள்தான். திரை மட்டும் போதும், அச்சு வேண்டாம் என்று சிக்கனம் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அழியாமல் இருந்தும் படிக்க முடியாமல் போவது மின் ஆவணத்துக்கே உரிய ஒரு சாவு. தமிழில் இது குறிப்பாக நேர்ந்தது, இதை விரிவாகப் பேசியவர்கள் குறைவு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரமாக ஏற்றது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியும் டேஸ்16உம் அரசுத் தரமாயின. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை எத்தனை! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கிறுக்கல்தான் வரும். 1955இல் நீல மையில் எழுதிய பதிவேட்டை இன்று யாரும் வாசிக்கலாம். 2005இல் கணினியில் அடித்த பட்டியலுக்கு எழுத்துரு மாற்றி ஒன்று வேண்டும், எந்த எழுத்துருவிலிருந்து மாற்ற வேண்டும் என்று தெரிய வேண்டும். எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவரைக் கேட்டால்தான் அதுவும் தெரியும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் பிரிவு 7 இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது என்பது வியப்பு. மின் வடிவில் ஓர் ஆவணத்தைக் காத்ததாகச் சொல்ல வேண்டுமென்றால் அது பின்னாளில் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும், உண்டான வடிவிலோ உள்ளதை உள்ளபடி காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை, அதை வேறு சட்டத்துக்கு விட்டுவிட்டது. வேறு சட்டமான தகவல் உரிமைச் சட்டமோ காப்பு விதிக்கு விட்டுவிட்டது. காப்பு விதி கோப்பைத் தவிர மற்றதைப் பார்க்கவில்லை. ஒரு சிறு வேடிக்கை: தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(j) இன்றும் டிஸ்கெட், ஃப்ளாப்பி, டேப், வீடியோ கேசட் என்று பேசுகிறது. ஃப்ளாப்பியில் தகவல் கிடைத்தால் அதைப் போட்டுப் பார்க்கக் கணினி எங்கே கிடைக்கும்!

கேமராப் பதிவுக்கு வருவோம். இங்கேதான் ஆயுள் நாள் கணக்கில் இறங்குகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றக் கிளைக்கு அளித்த அறிக்கை ஒரு விவரத்தைச் சொன்னது: நிலையக் கேமராவின் ஹார்டு டிஸ்க் 1 டெராபைட், இடம் போதுமான அளவு இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. யாரும் எந்த ஆணையிலும் கையெழுத்திடவில்லை, எந்த அழிப்புப் பதிவேட்டிலும் பதியவில்லை. அமைப்பில் ஒரு தேர்வு, அவ்வளவுதான். தாள் காலத்துப் பதிவறையில் இதற்கு இணையான ஒன்று கிடையாது. அதே ஆண்டு டிசம்பர் 2இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும் என்றது. அந்த அளவு கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கல்வராயன் மலையில் கரியாலூர்க் காவல் நிலையத்துக்கும் அதுவே கெடு. மின் ஆவணம் ஒன்றுக்கு இவ்வளவு தெளிவாக ஆயுள் எழுதப்பட்டது அரிது, அதையும் எழுதியது நீதிமன்றம்.

தேர்தல் பதிவுகள் எதிர்த் திசையில் போயின. 2024 டிசம்பர் 20இல் தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டு, கேமரா, நேரலைப் பதிவு போன்ற மின் ஆவணங்கள் பொதுமக்கள் பார்வையிடும் பட்டியலிலிருந்து வெளியே போயின. 2025 மே 30இல் தேர்தல் ஆணையம் அனுப்பிய கடிதம், முடிவு அறிவித்து 45 நாளுக்குள் தேர்தல் வழக்கு எதுவும் இல்லையென்றால் அந்தப் பதிவுகளை அழிக்கலாம் என்றது. இந்த 45 நாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் நாட்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள். மனுவுக்குப் பதில் சொல்ல 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதைத் தீர்க்க 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள். முதல் நாளே மனுப் போட்டவருக்கும் முதல் மேல்முறையீட்டு முடிவு 60ஆவது நாளுக்கு முன் வராது போகலாம். இரண்டாம் மேல்முறையீட்டைத் தகவல் ஆணையம் எப்போது தீர்க்க வேண்டும் என்று சட்டம் கெடுவே வைக்கவில்லை. ஆவணத்தின் ஆயுள் உரிமையின் நடைவேகத்தைவிடக் குறைவாக இருந்தால் உரிமை காகிதத்தில் இருக்கும். கேட்கப்பட்ட தகவலை அழித்தால் பிரிவு 20இன்படி நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது கேட்ட பிறகு அழித்தவருக்கு. தானாக அழியும்படி முன்பே அமைத்து வைத்த கருவிக்கு யார் அபராதம் கட்டுவது?

புகார் மனுக்களின் ஆயுளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கே திரும்புவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு நபர் ஆணையம் அமைந்தது. உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. கல்வராயன் மலையின் வளர்ச்சி பற்றியும் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. இந்த அமைப்புகளுக்கெல்லாம் ஆவணத்தைக் கைப்பற்றும் அதிகாரம் உண்டு. இறந்தவர் வீட்டாரோ பக்கத்துத் தெருக்காரரோ ‘முன்பு கொடுத்த புகார் மனுக்களின் மேல் என்ன நடவடிக்கை’ என்று கேட்க விரும்பினால் அவர்களுக்கு உள்ளது 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு ஒன்றே. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு தாளாகவும் இருக்கிறது, கணினியில் ஏறிய எண்ணாகவும் இருக்கிறது. தாளுக்கு ஓ.மு.வோ மூ.மு.வோ போடப்பட்டிருக்கும். கணினி எண்ணை மனுதாரர் பத்திரமாக வைத்திருப்பார், அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள பதிவு எத்தனை வருடத்துக்கு என்பது ரசீதில் இல்லை.

வாட்ஸ்அப் உத்தரவுகளைப் பற்றி ஒரு பழைய கதையோடு சொன்னால் புரியும். 1980 நவம்பர் 14இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்த கிராமக் கணக்குகள் அரசு ஊழியர் கைக்கு வந்தன. அரசு ஆவணம் தனியார் வீட்டில் இருக்கலாகாது என்பது அந்த மாற்றத்தின் ஒரு பொருள், பின்னர் 1982இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. இப்போது பாருங்கள். வெள்ளம் வருகிறதா, முகாம் நடத்த வேண்டுமா, பட்டியல் உடனே வேண்டுமா, உத்தரவு முதலில் அதிகாரியின் சொந்தக் கைபேசிக்குத்தான் வருகிறது. அவர் மாறுதலாகிப் போகும்போது கைபேசியும் போகிறது. சட்டப்படி அது அரசின் தகவல், கேட்கலாம். நடைமுறையில் மறுபடியும் அது ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

நூறு நாள் வேலையில் தாளும் திரையும் ஒரே தளத்தில் நின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ. 2023 ஜனவரி 1 முதல் கூடவே கைபேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு புகைப்படம், இடக்குறியீட்டோடு. சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் மலையில் அந்தப் படத்தை ஏற்றுவதே ஒரு வேலை. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில் படத்தையே படம் பிடித்து ஏற்றுவது, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவது போன்ற முறைகேடுகளைப் பட்டியலிட்டது. கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரே படம் மறுபடி வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பழைய படம் இருக்க வேண்டும். சமூகத் தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்கும்போது அது அழிந்துபோயிருந்தால், புகைப்படம் எடுத்ததன் பயன் எடுத்த நாளோடு போயிற்று.

கடலுக்கு அப்பால் இலங்கை இதை நேரடியாகச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பிரிவு 7. சட்டம் நடைமுறைக்கு வரும்போது இருந்த ஆவணங்களைக் குறைந்தது 10 ஆண்டு, பின்னர் உண்டாகும் ஆவணங்களை உண்டான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டு காக்க வேண்டும். கோரிக்கையோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்போது அழிக்கக் கூடாது. வேண்டுமென்றே அழித்தால் குற்றம். சாவகச்சேரியில் உள்ள பிரதேச செயலகத்தில் ஒருவர் கேட்கும்போது அவரிடம் ஒரு எண் இருக்கிறது, 12. கள்ளக்குறிச்சிக்காரரிடம் அந்த எண் இல்லை. இதைப் பார்த்து நான் இலங்கைச் சட்டமே மேல் என்று முடிவு கட்டியிருப்பேன், 2023 நடந்திராவிட்டால். அந்த ஆண்டு லங்கா அரசு மேகக்கணினி பணயத் தீநிரலால் தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளவில்லை, அந்தக் காலத்துக்கு மாற்றுப் படி எடுத்து வைக்கவில்லை. 12 ஆண்டு ஆயுள் எழுதிய ஆவணம் 15 வாரம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு நிற்கிறது. அங்கே அந்த இழப்பைச் சட்டமீறல் என்று பெயர் சொல்லி அழைக்க ஒரு பிரிவு இருக்கிறது. இங்கே அதே இழப்பு நேர்ந்தால் எந்தப் பிரிவைக் காட்டுவது என்பதிலேயே வழக்கு ஆரம்பிக்கும்.

தாளும் இல்லாத, திரையும் இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்தது என்பதற்குக் கல்வராயன் மலையே சான்று. வன உரிமைச் சட்டம், 2006இன்படி 2005 டிசம்பர் 13க்கு முன் நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். 2008இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் 13ஆம் விதி எவையெல்லாம் சான்று என்று வரிசையிடுகிறது: கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை அறிக்கை, செயற்கைக்கோள் படம், பழைய சமஸ்தானங்களும் இடைத்தரகர்களும் கொடுத்த உரிமைக் குறிப்புகள், நிலத்தில் போட்ட வரப்பு, வீடு, கிணறு, இடுகாடு, ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்றும் கேட்கிறது. ஜாகீர் காலத்து ரசீது ஒன்றைத் தகரப் பெட்டியில் காத்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு சான்றாகிறது. அந்தக் கோரிக்கைகள் இப்போது கணினியில் ஏறுகின்றன. கிழவர் ஒருவரின் வாக்குமூலம் வருடிய படமாக ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது, அந்தக் கிழவர் இனி சாட்சி சொல்ல வரமாட்டார். அந்தப் படத்தின் ஆயுளை எழுதி வைப்பது இரண்டு வரி வேலை.

எழுத வைக்க வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(a) ஆவணங்களை அட்டவணையிட்டுப் பேணச் சொல்கிறது. 4(1)(b)இன் 17 தலைப்புகளில் 14ஆவது, மின் வடிவில் உள்ள தகவல்களின் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெள்ளிமலையிலிருந்து ஒருவர் அந்தப் பட்டியலைக் கேட்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காப்புக் காலம் என்ன, எந்த ஆணையின்படி, கடைசியாக எப்போது எது அழிக்கப்பட்டது என்றும் சேர்த்துக் கேட்கலாம். ‘அப்படி ஆணை ஏதும் இல்லை’ என்று பதில் வந்தால் கலங்க வேண்டாம், அந்தப் பதில்தான் வேண்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். பிரிவு 19(8)(a) ஆவணங்களைப் பேணுதல், நிர்வகித்தல், அழித்தல் ஆகிய நடைமுறைகளை மாற்றும்படி அலுவலகத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. அபராதம் கேட்டு ஆணையத்துக்குப் போகிறவர்கள் நிறைய. இந்தத் துணைப்பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு. மனுவின் கோரிக்கைப் பத்தியில் அதை முதல் வரியாக எழுத வேண்டும், அபராதத்தை இரண்டாவதாக.